ஒன்பது அங்குல விரால்

விரால் உயிரோடு இருந்தது. முதல் சிக்கலே அதுதான்.

காவல் கொட்டகை மேசையின்மேல் அதைக் கிடத்தி, தலையை நான் பிடித்துக்கொண்டேன். வாலைச் சார்ஜன் பிடித்துக்கொண்டார். என் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவி, ஒரு முனையை மீனின் வாயருகே வைப்பதற்குள் அது ஒரு துள்ளு துள்ளியது. சார்ஜனின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை. பிறகு பதிவுப் புத்தகத்தின்மேல் போய் விழுந்து, அன்றைய பக்கம் முழுவதையும் நனைத்தது.

வரிசையில் ஒரு பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அன்றைக்கு வெளியே போக முடியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

"செப்பாட் லா பாக்கியம்! சீக்கிரம் அள!" என்றார் சார்ஜன், கன்னத்தைத் துடைத்துக்கொண்டே.

மறுபடி பிடித்தோம். இந்தத் தடவை சார்ஜன் தன் தொப்பியைக் கழற்றி மீனின் கண்ணை மூடினார். அவருடைய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஆட்டுக்கு அப்படிச் செய்வார்களாம். மீனுக்கு இருட்டு பிடித்திருக்க வேண்டும், ஒரு கணம் அசையாமல் கிடந்தது. நான் நாடாவை வாயிலிருந்து வால் நுனிவரை இழுத்துப் பார்த்து, வழக்கம்போல் உரக்கச் சொன்னேன்.

"ஒன்பதரை."

மீனைக் கொண்டுவந்த கோவிந்தனின் முகம் வெளுத்துப்போயிற்று. "இல்லக்கா. ஒம்பதுதான். நான் அளந்துட்டுத்தானே கொண்டாந்தேன். நல்லா பாருங்கக்கா."

"என் அளவு என்னைக்கும் தப்பாது கோவிந்தா" என்றேன்.

இந்த ஒரு வரியை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

துப்பாக்கி இல்லை, நாடாதான்

மலாயாவின் அவசரகாலத்தில் தோட்டத்துக் கேட்டில் வேலை பார்த்தேன் என்று போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு புக்கிட் காத்திலிலிருந்து ஒரு வாசகி, "பெண்பிள்ளை நீங்கள் துப்பாக்கி பிடித்தா நின்றீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். துப்பாக்கி இல்லை அம்மா. கையில் இருந்தது ஒரு தையல் நாடா. அதை வைத்துக்கொண்டே நான் செய்த அநியாயம் போதும்.

புலாவ் செபாங்கிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரெட்டைப் புகைக்கூண்டுத் தோட்டம் என்றால்தான் பஸ்காரருக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு அந்தப் புகைக்கூண்டில்தான் வேலை. எந்நேரமும் அவர்மேல் ரப்பர் ஷீட்டின் புகை வாசம் அடிக்கும். கல்யாணத்துக்கு முன்னால் நான் பாச்சாங்கில் வளர்ந்தவள். அங்கே அப்பாவுக்குத் தையல்கடை.

அப்போது காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று அரசாங்கம் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டது. ஒரு கேட், ஒரு கொட்டகை, ஒரு சார்ஜன். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கை சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆண்களைக் காவலர்கள் தடவிப் பார்த்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்றபோது, தோட்டத்துக் கணக்கர் பெரிய கிராணியார் என்னைக் காட்டினார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், வாயும் கொஞ்சம் உண்டு.

அந்த வேலையில் நான் பார்த்ததை எல்லாம் எழுதினால் வாரப் பத்திரிகை போதாது. ஒருநாள் ஓர் அம்மாவின் கொண்டை வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவிழ்த்தால் உள்ளே ஓர் அவித்த முட்டை.

"யாருக்குக் கொண்டுபோறீங்க?" என்று அதட்டினேன்.

"எனக்குத்தான்டி. பத்து மணிக்குப் பசிக்குமில்ல?"

சட்டம் சட்டம்தானே. வேலிக்கு உள்ளேயே நின்று, என் கண்முன்னால் இரண்டு கடியில் அந்த முட்டையைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார் அந்த அம்மா. வயிற்றுக்குள் போகும் உணவைப் பற்றி உத்தரவில் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஆணியில் இரண்டு உத்தரவு

இனி மீன் கதைக்கு வருகிறேன்.

தோட்டத்துக் குட்டை ஒன்று இருந்தது. வேலி போட வந்தவர்கள் குட்டையைச் சுற்றிப் போக வேண்டும் என்று கோடு போட்டார்கள். கோடு எங்கோ தப்பிப்போய், கோயிலோடும் லயத்தோடும் குட்டையும் வேலிக்குள் வந்துவிட்டது. அன்றுமுதல் அதிலிருந்த மீன்கள் எல்லாம் உள்நாட்டு உணவுப்பொருள் ஆகிவிட்டன.

எங்கள் துரைக்குத் தூண்டில் பைத்தியம். சாயங்காலமானால் நாற்காலி போட்டுக் குட்டைக்கரையில் உட்கார்ந்துவிடுவார். லயத்து ஜனங்கள் குஞ்சு மீனையெல்லாம் வாரிக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். மேலே யாருக்கோ எழுதிப்போட்டு, முத்திரை குத்திய உத்தரவு ஒன்றை வரவழைத்தார். ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும்.

அந்தத் தாள் ஆணியில் மஞ்சளாவதற்குள் உணவுக் கட்டுப்பாட்டுக்காரர்களிடமிருந்து இன்னொரு தாள் வந்தது. ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பெரிய மீன் என்றால் காட்டில் இருப்பவனுக்கு ஒருவேளைச் சாப்பாடு ஆகிவிடுமாம். ஆளுக்கு ஒரு மீன்தான். வெட்டிய மீன் சமைத்த உணவுக்குச் சமம், அதற்கு அனுமதியே கிடையாது.

சார்ஜனிடம் ஓர் ஆணிதான் இருந்தது. இரண்டையும் அதிலேயே குத்திவிட்டார். தையல்கடையில் வளர்ந்தவள் என்று அளக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கிராணியார் இரண்டையும் வாசித்துக் காட்டியபோது ஒரு கிழவர் எழுந்து கேட்டார். "ஐயா, வெளிய போற மீனு ஒம்பதுக்கு மேல இருக்கலாமா?"

"கூடாது."

"கீழ?"

"கூடாது. அது பிடிக்கவே கூடாத மீன்."

"அப்ப இத மீனுக்கு யாரு சொல்றது?"

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் வராத கேள்விக்கெல்லாம் அவர் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

சிரிப்பாக இருக்கிறது அல்லவா? அப்போது சிரிக்க முடியவில்லை. உணவு கடத்தினான் என்று ஒருவன் பெயர் டம்பினில் உள்ள அதிகாரிக்குப் போனால், அடுத்தது தடுப்பு முகாம், அதற்கடுத்தது நாகப்பட்டினத்துக்குக் கப்பல். எங்கள் லயத்திலிருந்தே ஒருவர் அப்படிப் போயிருந்தார். இத்தனைக்கும் அவர் நாகப்பட்டினத்தை அதற்குமுன் பார்த்தவரே அல்லர். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே, அவர் அங்கே.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? ஜனங்கள் மீன் கொண்டுபோனார்கள். நான் அளந்து "ஒன்பது" என்று சொன்ன முதல் மீனின் நீளத்துக்கு யாரோ ஒரு மூங்கில் குச்சியை நறுக்கி வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் நறுக்கினார். ஒரு மாதத்தில் வீட்டுக்கு வீடு கூரையில் ஒரு குச்சி செருகியிருந்தது. அதற்குப் பெயரே 'பாக்கியம் குச்சி'.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெயரில் ஒரு தெரு இருந்தால்கூட அவ்வளவு மிதப்பு வந்திருக்காது.

அஞ்சலைக்கு வேண்டிய மருந்து

கோவிந்தன் பால் வெட்டுக்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவன், அதிகம் பேசமாட்டான். அவன் மனைவி அஞ்சலைக்கு அது தலைப்பிரசவம். மலாக்கா பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பையன். கோவிந்தன் இன்னும் பார்க்கவில்லை. ஆள் மூலம் வந்த சேதி மட்டும்தான்.

சேதியின் பின்பாதி நன்றாக இல்லை. அஞ்சலைக்குக் காயம் ஆறவில்லை, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. வார்டில் இருந்த தமிழ் ஆயா, பக்கத்துக் கட்டில் சீன அம்மா, கூட்டித் துடைக்கும் மலாய்க்காரப் பெண், மூவரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: விரால் சூப். மலாய்க்காரர் அதை ஹாருவான் என்பார்கள். வெட்டுக் காயத்துக்கு அதைவிட வேறு மருந்து கிடையாது என்று இந்த நாட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். வேறு எதிலாவது இந்த மூன்று பேரும் ஒத்துப்போனார்களா என்று எனக்குத் தெரியாது. அதுவும் மீன் உயிரோடு போக வேண்டும், அப்போதைக்கப்போது அடித்துக் கொதிக்க வைக்க வேண்டும்.

கோவிந்தனுக்கு ஞாயிறு ஒருநாள் வெளியே போகப் பாஸ் கிடைத்தது. அவன் ஜாக்கிரதைக்காரன். குச்சியை நம்பவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய் ஓர் அடி ரூலரைக் கடன் வாங்கினான். மூன்று நாள் வேலை முடிந்து வந்து குட்டையில் இறங்கி, பிடித்து, அளந்து, விட்டான். பிடித்து, அளந்து, விட்டான். கடைசியில் ரூலரில் சரியாக ஒன்பது காட்டிய விரால்கள் இரண்டு கிடைத்தன. ஒன்றை மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றிக் கேட்டுக்குக் கொண்டுவந்தான். இன்னொன்றை அடுத்த வாரத்துக்கென்று வீட்டுத் தொட்டியில் விட்டு வைத்தான்.

நான்தான் ஒன்பதரை என்றேன்.

சார்ஜன் நனைந்த பக்கத்தில் அதை எழுதினார். அவர் கெட்டவர் அல்லர். பேனாவை வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார், மறுபடி அளக்கச் சொல்லலாமா என்பதுபோல. நான் நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவர் கோவிந்தனின் பாஸை வாங்கி மேசை டிராயரில் வைத்தார். விசாரணை முடியும்வரை அவன் வேலியைத் தாண்டக் கூடாது.

கோவிந்தன் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அவகிட்ட யாராச்சும் சொல்லிடுங்கக்கா, இன்னைக்கு வர்றேன்னு சொல்லி விட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு லயத்துக்குத் திரும்பி நடந்தான். டின்னை எடுக்கக்கூட மறந்துவிட்டான்.

நாளுக்கு நாள் நல்ல மீன்

டம்பினிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி சனிக்கிழமைதான் வருவார். அதுவரை சாட்சிப் பொருளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஐஸுக்குப் புலாவ் செபாங் போக வேண்டும், போகப் பாஸ் வேண்டும், மீனுக்காகப் பாஸ் கொடுக்க விதி இல்லை. கடைசியில் விராலை அடித்து, உப்புத் தடவி, கொட்டகைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டார் சார்ஜன். கீழே பூனை வந்து உட்கார்ந்தது. பூனைக்கு எதிரே நாற்காலி போட்டுத் துப்பாக்கியோடு சார்ஜன் உட்கார்ந்தார். அந்த வாரம் காட்டுக்காரர்கள் வந்திருந்தால் கேட்டில் கேட்க ஆளில்லை.

சாட்சிப் பொருளைத் தினமும் சரிபார்த்து எழுத வேண்டும் என்பதும் ஒரு விதி. திங்கட்கிழமை நான் பெண்களைச் சோதித்துக்கொண்டிருந்ததால் என் நாடாவை வாங்கி அவரே அளந்தார். ஒன்பது வந்தது. நாடாவைத் திருப்பிப் பார்த்தார், மீனைத் திருப்பிப் பார்த்தார். "செத்தா எல்லாம் சுருங்கும் லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒன்பது என்றே எழுதினார்.

புதன்கிழமை எட்டே முக்கால். வெள்ளிக்கிழமை வால் நுனி உடைந்து, உடம்பு வளைந்து, எட்டேகால்.

அன்று சார்ஜன் என்னிடம் வந்தார். மனிதருக்கு முகமே சரியில்லை.

"பாக்கியம், இது இப்ப சின்ன மீன் உத்தரவுல வருது."

"என்ன சொல்றீங்க?"

"ஞாயிறு பெரிசு. அது ஒரு கேஸ். இப்ப சின்னது. அது இன்னொரு கேஸ். ஒரு மீனு, ரெண்டு கேஸ். டம்பின் துவான் வந்து, மீனை மாத்திட்டேன்னு என்னையும் பிடிப்பாரு."

திங்கட்கிழமை ஒருநாள் மட்டும் அந்த மீன் சட்டப்படி நடந்துகொண்டிருக்கிறது. அன்றைக்குப் பார்த்து விசாரணை வைக்க ஆளில்லை.

கத்தரிக்கோல் நின்ற இடம்

அதே வெள்ளிக்கிழமை மத்தியானம், அஞ்சலையின் குழந்தைக்கு ஒரு சட்டை தைக்கலாம் என்று துணியை விரித்தேன். கோவிந்தன்மேல் தப்பு என்றாலும் குழந்தை என்ன செய்தது என்று ஒரு பெரிய மனது எனக்கு.

பழைய குழந்தைச் சட்டை ஒன்றை வைத்து அளந்தேன். நாடாவில் ஒன்பது. என் வாய் "ஒன்பதரை" என்றது.

கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது.

பாச்சாங் கடையில் நான் அளப்பேன், அப்பா எழுதுவார். அவர் வெட்டும்போது மறந்துவிடக்கூடாது என்பதற்காக, தையலுக்கு விட வேண்டிய அரை அங்குலத்தைச் சேர்த்தே உரக்கச் சொல்வது எங்கள் கடை வழக்கம். நாடாவில் பதினான்கு என்றால் வாயில் பதினாலரை. பத்து வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, அரை கூட்டுகிறோம் என்ற நினைப்பே எனக்குப் போய்விட்டது. ரவிக்கைக்குக் கூட்டினேன், கால்சட்டைக்குக் கூட்டினேன், கேட்டுக்கு வந்து மீனுக்கும் கூட்டினேன். மீனுக்கு எங்கே தையல் போடப் போகிறேன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

கோவிந்தனின் விரால் ஒன்பது அங்குலம்தான். வாத்தியாரின் ரூலர் சரி. என் வாய்தான் தப்பு.

அப்படியே எழுந்து கொட்டகைக்கு ஓடினேன். பாதி வழியில் அடுத்த நினைப்பு வந்து காலைக் கட்டியது. கோவிந்தனின் ஒன்பதை நான் ஒன்பதரை என்றால், இத்தனை மாதமும் நான் ஒன்பது என்று சொல்லி அனுப்பிய மீன்கள் எல்லாம் எவ்வளவு?

எட்டரை.

அத்தனையும் பிடிக்கவே கூடாத மீன்கள். லயத்தில் உள்ள ஒவ்வொரு பாக்கியம் குச்சியும் எட்டரை அங்குலம். அந்தக் கேட்டைக் கடக்க வந்த மீன்களில் சட்டப்படி சரியான மீன் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் பிடித்து நிறுத்தினேன்.

சார்ஜனிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். பூனை நிமிர்ந்து பார்த்தது.

"எல்லாம் எட்டரையா?"

"எட்டரை."

"கிராணி தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனது?"

"எட்டரை."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் கம்பத்துக்குக் கொண்டுபோனேனே?"

"அதுவும்தான் சார்ஜன்."

அவர் கூரையில் தொங்கிய விராலை அண்ணாந்து பார்த்தார். "அப்ப நீ பேசாத" என்றார்.

"கோவிந்தன்?"

அவர் பூனையை விரட்டப் போய்விட்டார். நானும் மறுபடி கேட்கவில்லை. பேசினால் லயமே மாட்டும், பேசாவிட்டால் கோவிந்தன் ஒருவன் மாட்டுவான். அந்த ஒருவனுக்கு ஆஸ்பத்திரியில் ஒருத்தி, பார்க்காத ஒரு பிள்ளை. எனக்கு இருந்த பயத்தையும் சொல்லிவிடுகிறேன்: வேலை போய்விடும் என்ற பயம், குச்சிக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மீன் எங்கே தொடங்குகிறது?

சனிக்கிழமை காலை, பிரட்டுக் கொட்டகையில் விசாரணை. அதிகாரிக்குச் சின்ன வயது, வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பக்கத்தில் எங்கள் துரை. மொழிபெயர்க்கக் கிராணியார். நடுவில் பீங்கான் தட்டில் விரால்.

அதிகாரி பையிலிருந்து ஓர் இரும்பு ரூலரை எடுத்தார். மீன் வளைந்து கிடந்ததால் எப்படி வைத்தாலும் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டது. வாய் திறந்தபடி காய்ந்துபோயிருந்தது. மேல் உதட்டிலிருந்து அளப்பதா, கீழ் உதட்டிலிருந்தா என்று கேட்டார். கிராணியார் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் இரண்டுவிதமாகவும் அளந்து, எட்டு, எட்டேகால் என்று எழுதிக்கொண்டார்.

"இது ஒன்பதுக்குக் குறைவு" என்றார். தாளைப் புரட்டினார். "அப்படியானால் குற்றம் வேறு."

கோவிந்தன் மேல்சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள்.

"வாத்தியார் ரூலர்ல ஒம்பதுதாங்க இருந்துச்சு" என்றான். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா அக்கா அளவு தப்பாது. அந்த ரூலர்தான் தப்பா இருக்கும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ரூலர் சரிதான், நான்தான் தப்பு" என்று எழுந்துவிட்டேன். சார்ஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

குழந்தைச் சட்டையில் தொடங்கித் தையல்கடை வழக்கத்தை நான் சொல்ல, கிராணியார் மொழிபெயர்க்க, அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பென்சிலை நீட்டினார். அளந்து காட்டு என்றார். நாடாவை வைத்தேன். ஏழு. நன்றாகத் தெரிகிறது, ஏழுதான். வாயைத் திறந்தேன்.

"ஏழரை."

அதிகாரி பென்சிலைத் திருப்பி வைத்தார். "இன்னொரு தடவை" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அளந்தேன். மறுபடியும் ஏழரை. என் அப்பா கல்லாவுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொள்வதுபோல் இருந்தது.

அதிகாரி இரும்பு ரூலரால் பென்சிலை அளந்து பார்த்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "அப்படியென்றால் இதற்கு முன்னால் போன மீன்கள்?" என்று கேட்டு, பதிவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

பக்கம் பக்கமாக விரல் ஓடியது. ஒவ்வொரு பெயருக்கும் சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருவர் எச்சில் விழுங்கினார். கிராணியாரின் பெயர் வந்தது. சார்ஜனின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மீன் விழுந்து நனைந்து ஒட்டியிருந்த ஒரு பக்கத்தைப் பிரிக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு ஓரிடத்தில் விரல் நின்றது, நகரவில்லை.

எனக்கு அந்த வரி நினைவிருந்தது. துரை வீட்டு டிரைவர். விரால் ஒன்று. ஒன்பது அங்குலம். போகும் இடம், டம்பின், அதிகாரியின் பங்களா.

அதிகாரி துரையைப் பார்த்தார். துரை ரப்பர் மரங்களைப் பார்த்தார். அந்த விராலை அதிகாரி வறுத்துச் சாப்பிட்டாரா, குழம்பு வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டார் என்று மட்டும் அந்த மூக்கிலிருந்தே தெரிந்தது. உரிந்த இடம் போக மீதியும் சிவந்துவிட்டது.

புத்தகத்தை மூடினார். இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். கிராணியார் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். "மீன் அளக்கிற நிலையில இல்லையாம். கோவிந்தா, நீ போலாம்."

போகும்போது அதிகாரி அந்த இரும்பு ரூலரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். இனி இதால் அள என்றார். வேலை தப்பியது. பாக்கியம் குச்சிகள் எல்லாம் அன்று மத்தியானமே அடுப்புக்குள் போயின.

மெயின் ரோட்டில் பஸ்

கோவிந்தன் ஓட்டமாக வந்தான். தொட்டியில் வைத்திருந்த இரண்டாவது விரால் டின்னில் இருந்தது. இரும்பு ரூலரில் வைத்தேன். ஒன்பதுக்குமேல் ஒரு முடி அளவு இருந்தது. வாரம் முழுக்கச் சோற்றைத் தின்று வளர்ந்திருக்கும்போல.

சார்ஜன் குனிந்து பார்த்தார். "முடிக்கு உத்தரவு இல்லை" என்று சொல்லிவிட்டு, ஒன்பது என்று எழுதினார். டிராயரிலிருந்து பாஸை எடுத்துக் கொடுத்தார்.

கேட்டிலிருந்து மெயின் ரோடு தெரியும். கோவிந்தன் அங்கே போய் நின்ற நேரம், எதிர்ப்பக்கம் மலாக்கா பஸ் வந்து நின்றது. அது போன பிறகு பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் அஞ்சலை நிற்கிறாள். ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் வெள்ளைத் துணிச் சுருட்டல். இவன் இந்தப் பக்கம் டின்னோடு நிற்கிறான். இருவரும் ரோட்டைக் கடக்கவே மறந்துவிட்டார்கள்.

மெதுவாக நடந்து வந்தார்கள். வழியெல்லாம் கோவிந்தன் பேசிக்கொண்டே வந்தான். அவ்வளவு பேச்சு அவனிடம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சும்மா இருங்க, சிரிச்சா வலிக்குது" என்று சொல்வது கேட்டது.

பக்கத்தில் வந்ததும் நானே முந்திக்கொண்டேன். "காயம் ஆறிடுச்சா அஞ்சல?"

"ஆறுதுக்கா. பக்கத்துக் கட்டில் சீன அம்மா அவுங்க ஹாருவான் சூப்புல தினம் பாதி குடுத்தாங்க." சற்று நிறுத்தினாள். "ஆனா ஞாயித்துக்கிழம பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்க்கா. இவரு வரவே இல்ல. கப்பல் ஏத்திட்டாங்களோன்னு நெனச்சேன்."

"என் தப்பும்மா" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வாய் உள்ளவள் என்றுதான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது.

சார்ஜன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்தார். வெளியே போன மீன் உள்ளே வருகிறது, அதற்கு ஒரு வரி. புதிதாக ஓர் ஆள் உள்ளே வருகிறான், அவனுக்கு ஒரு வரி. அந்தப் பக்கத்தில் கட்டங்கள் போட்டாயிற்று: பெயர், பொருள், நீளம். எதையும் வெறுமையாக விட அவருக்கு மனசு வராது.

"நீளம் என்ன?" என்றார், மலங்க மலங்க விழித்துக்கொண்டு.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு துணியைப் பிரித்து, விரால் கிடந்த அதே மேசையில் பிள்ளையைக் கிடத்தினாள். நான் இரும்பு ரூலரைத் தொடவில்லை. கழுத்திலிருந்த நாடாவை எடுத்தேன். தலையைச் சார்ஜன் பிடித்துக்கொண்டார், தொப்பியை மட்டும் கழற்றவில்லை. காலை நான் நீட்டிப் பிடித்தேன். பயல் நன்றாகத் துள்ளினான்.

இருபது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கூட்டாமல், மெதுவாகச் சொன்னேன். "இருபது."

"சட்டை தைக்கப்போறீங்களாம்ல, இவரு சொன்னாரு" என்றாள் அஞ்சலை. "அரை கூட்டியே சொல்லுங்கக்கா. வளர்ற புள்ள."

சார்ஜன் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கண் தெரியவில்லை, தண்ணீர் மறைத்துக்கொண்டு நின்றது.

"இருபதரை" என்றேன்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.